கோணல் அலகுக் குஞ்சுகளைப் பேணும் முறை

பெட்டைக் கோழி ஒன்று பத்துக் குஞ்சுகளுடன் முற்றத்தில் மேய்வதைக் கூர்ந்து பார்த்தால், சில வேளைகளில் ஒரு குஞ்சு மட்டும் மற்றவற்றைவிடச் சிறுத்து, இறகு மங்கி நிற்பதைக் காணலாம். அதுவும் ஓடுகிறது, அதுவும் தரையைக் கொத்துகிறது. ஆயினும் அதன் வயிற்றுக்குள் செல்லும் தீனி மிகச் சொற்பமே. கையிலெடுத்து நோக்கினால், மேலலகு ஒரு பக்கமும் கீழலகு மறுபக்கமுமாக விலகி, கத்தரிக்கோலைப் போலக் குறுக்கிட்டிருப்பது புலப்படும். இனி இது தேறாது என்று அதனை ஒதுக்கிவிடுவோர் பலர். உண்மையில் இத்தகைய குஞ்சு சாவது பெரும்பாலும் அலகின் கோணலாலன்று. தீனியின் நடுவிலேயே பட்டினி கிடப்பதனால்தான். அப்பட்டினியைத் தடுக்கப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. ஆனால் அவ்வாறு காப்பாற்றிய கோழியை இனவிருத்திக்கு விடலாமா என்பது வேறு கேள்வி. இவ்விரண்டையும் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்கள் பிரித்தறிதல் அவசியம்.

குறையின் இயல்பு

அலகுக் குறைகளில் அதிகமாகக் காணப்படுவது மேற்கூறிய குறுக்கலகு. மேலலகு கிளியின் மூக்கைப் போல் வளைந்து கீழலகை மூடிக்கொள்வதும், மேலலகு குட்டையாயிருந்து கீழலகு முன்னே நீண்டிருப்பதும் உண்டு. குறுக்கலகு பொரித்த நாளிலேயே தெரிவது எப்பொழுதுமில்லை. பல குஞ்சுகளில் அது முதற் சில வாரங்களில் வெளிப்பட்டு, குஞ்சு வளர வளரத் தானும் மிகும். ஆதலால் முதல் இரண்டு மாதங்களில் வாரத்திற்கொரு முறை ஒவ்வொரு குஞ்சையும் கையிலெடுத்து, முகத்தை நேருக்கு நேராகப் பார்ப்பது நல்ல வழக்கம்.

இக்குறை தொற்று நோயன்று. ஒரு குஞ்சிடமிருந்து மற்றொன்றுக்குப் பரவாது. அலகோரத்திலும் கண்ணருகிலும் பொருக்குகள் தோன்றினாலும், முகம் வீங்கி மூக்கில் நீர் வடிந்தாலும், அது அம்மை முதலிய வேறு நோயாயிருக்கலாம். அத்தகைய குஞ்சை உடனே பிரித்துவைத்துக் கால்நடை வைத்தியரிடம் காட்டல் வேண்டும்.

காரணங்கள்

முதற் காரணம் பரம்பரை. சில கோழி வகைகளில் இக்குறை தாய் தந்தையரிடம் வெளியே தெரியாமல் மறைந்து நின்று, குஞ்சுகளில் வெளிப்படுகிறது. இரண்டாவது, தாய்க் கோழியின் உணவுக் குறைவு. பயோட்டின், போலிக் அமிலம் முதலிய ஜீவசத்துக்களும், மாங்கனீசு என்னும் தாதுச் சத்தும் தாய்க்குப் போதாவிடில், முட்டைக்குள் வளரும் கருவின் அலகும் எலும்பும் திருத்தமாக அமைவதில்லை. மூன்றாவது, அடைகாக்கும் 21 நாட்களில் மிதமிஞ்சிய உஷ்ணம். நான்காவது, குஞ்சுப் பருவத்தில் அலகில் ஏற்படும் காயம்.

சத்துக்கள் குறைவதைப்போலவே சில தாதுக்கள் மிகுவதும் தீங்கே. அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்துக் கெஸ்டர்சன் நீர்த்தேக்கத்தில், 1983-ஆம் ஆண்டில் நீர்ப்பறவைகளின் கருக்கள் கோணிய அலகுகளுடன் காணப்பட்டன. வயல்களிலிருந்து வடிந்துவந்த நீரில் செலினியம் என்னும் தாது மிகுந்திருந்ததே அதற்குக் காரணம். ஆகவே தாதுக் கலவைகளை அதிகம் கொடுத்தால் அதிக நன்மை என்று எண்ணி, விதித்த அளவை மீறுதல் கூடாது.

தீனியும் தண்ணீரும்

பொரித்த குஞ்சின் வயிற்றில் மஞ்சட் கருவின் மிச்சம் இருப்பதால், முதல் இரண்டு நாட்கள் அது பசியால் வாடுவதில்லை. அதன் பின்னரே கஷ்டம் தொடங்கும். கோணல் அலகால் கட்டாந்தரையில் சிதறிய குருணையைப் பொறுக்க இயலாது. ஆழமான பாத்திரத்தில் குவிந்திருக்கும் தீனியை அள்ளி விழுங்க இயலும். முழு வைத்தியமும் இவ்வொரு வேற்றுமையில் அடங்கியிருக்கிறது.

கம்பு அல்லது கேழ்வரகு மாவு 5 பங்கு, தவிடு 1 பங்கு, பொடித்த கடலைப் பிண்ணாக்கு 2 பங்கு, உப்பிடாத கருவாட்டுத் தூள் 1 பங்கு ஆகியவற்றைக் கலந்து, வெந்நீர் தெளித்துக் கெட்டியான கூழ்ப் பதமாகப் பிசைந்து ஆறவிடல் வேண்டும். பொடியாக அரிந்த முருங்கைக் கீரையும், வேகவைத்த முட்டையும் சிறிது சேர்ப்பது நலம். பச்சை முட்டை கூடாது. அதன் வெள்ளைக் கரு பயோட்டின் சத்தை உடலிற் சேரவொட்டாமல் தடுக்கும். பூசணம் பிடித்த பிண்ணாக்கையும் அறவே விலக்குக. 1960-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் மாண்டது அத்தகைய கடலைப் பிண்ணாக்கிலிருந்த நஞ்சினால்தான்.

இத்தீனியைக் கொட்டாங்கச்சியில் 2 அங்குல ஆழத்திற்கு நிரப்பி, குஞ்சின் முதுகு உயரத்தில் விளிம்பு நிற்குமாறு ஒரு செங்கல்லை அணைத்து அமர்த்தலாம். கறையான் கொடுப்பதானால் தரையில் உதறாமல் அப்பாத்திரத்திலேயே உதிர்க்க வேண்டும். ஈரத் தீனி வெயிலில் விரைவிற் புளிப்பதால், இரண்டு மூன்று மணிக்கொரு முறை மாற்றுக. தண்ணீர்ப் பாத்திரமும் அலகு முழுவதும் முங்கும் ஆழமுள்ளதாயிருத்தல் வேண்டும். குஞ்சு விழுந்து மூழ்காதபடி அதில் கூழாங்கற்கள் சிலவற்றை இடுக.

மற்றக் குஞ்சுகள் அதன் பங்கைத் தின்றுவிடுமாகையால், தீனி வேளைகளில் அதனைச் சாதுவான உடன்பிறப்பு ஒன்றுடன் பஞ்சாரத்தின் கீழ் விடலாம். தனியே அடைத்தால் ஓயாமல் கத்தி ஏங்கும். தீனி முடிந்ததும் தாயின் சிறகடிக்கே அனுப்பிவிடுக. தாயில்லாத குஞ்சானால் முதல் வாரம் சுமார் 95 டிகிரி உஷ்ணம் தேவை. பின் வாரந்தோறும் 5 டிகிரி குறைக்கலாம்.

குஞ்சு உண்மையில் உண்டதா என்பதை மாலையில் தீனிப்பையைத் தொட்டறிக. மார்பின் வலப்புறத்தில் மெத்தென்று திரண்டிருந்தால் வயிறு நிறைந்தது; தட்டையாயிருந்தால் நாள் முழுவதும் கொத்தியது வீண். வாரமொரு முறை உடன்பிறந்த குஞ்சுடன் எடை ஒப்பிடுதலும் நன்று. அதனைவிட மெலிந்திருப்பினும் வாரந்தோறும் எடை கூடுமானால் கவலை வேண்டுவதில்லை.

அலகைத் திருத்தலும் உடலைப் பேணலும்

நல்ல அலகு ஒன்றோடொன்று உரைந்தும், தரையில் தீட்டப்பட்டும் தேய்ந்துகொண்டேயிருக்கிறது. கோணல் அலகு அவ்வாறு தேயாமையால் நுனி நீண்டு, கோணலை மேலும் மிகுவிக்கும். ஆகையால் இரண்டு மூன்று வாரங்களுக்கொரு முறை நுனியைச் சீர்செய்தல் அவசியம். ஒருவர் கோழியைத் துணியிற் சுற்றிப் பிடித்துக்கொள்ள, மற்றொருவர் மெல்லிய அரத்தினால் சிறிது சிறிதாக ராவ வேண்டும். வெளிச்சத்திற்கு எதிரே பார்த்தால் இரத்த ஓட்டமுள்ள செந்நிறப் பகுதி தெரியும், அதனைத் தீண்டலாகாது. கருத்த அலகில் அது தெரியாதாகையால் பின்னும் ஜாக்கிரதை தேவை. இரத்தம் கசிந்தால் படிகாரத் தூளை வைத்து அழுத்துக. அலகை நூலாற் கட்டியோ, கையால் வளைத்தோ நேராக்க முயல்வது கொடுமையேயன்றி வைத்தியமன்று. மேலலகிலேயே மூக்குத் துவாரங்கள் இருப்பதால் மூச்சும் தடைப்படும்.

கோழி தன் இறகைக் கோதிப் பேன், செள் முதலியவற்றை அகற்றுவதும் அலகினாலேயே. கோணலலகுக் கோழிக்கு அது இயலாது. எனவே சிறகடியையும் ஆசன வாயையும் அடிக்கடி சோதித்து, மணலும் ஆறிய சாம்பலும் கலந்த குழியில் அது புரள வசதி செய்து தருக.

இவ்வளவும் செய்தும் விழுங்க முடியாமல் எடை குறைந்துகொண்டே வரும் குஞ்சை நாட்கணக்கில் வதைபட விடுதல் தர்மமன்று. கால்நடை வைத்தியரின் யோசனைப்படி அதன் துன்பத்தை விரைவில் முடித்துவிடுவதே கருணை.

சங்கத்தார் கவனிக்க வேண்டியவை

தேறிய கோழியின் இறைச்சியும் முட்டையும் உண்ணத் தக்கவையே. ஆனால் அதன் முட்டையை அடைவைத்தலும், சேவலாயின் அதனைப் பெட்டைகளுடன் விடுதலும் கூடாது. காப்பாற்றியவருக்கு அக்கோழியிடம் பாசம் உண்டாவது இயல்பு. எனினும் ஒரு வீட்டின் பாசம் ஊரார் அனைவரின் கோழிகளுக்கும் குறையைக் கொண்டுவரலாகாது.

பொதுச் சேவல் வைத்திருக்கும் சங்கங்கள் இதில் பின்னும் விழிப்பாயிருத்தல் வேண்டும். குறை மறைந்திருக்கும் சேவலும், அவ்வாறே மறைந்திருக்கும் பெட்டையும் சேருமானால், எளிய பரம்பரை முறைப்படி ஏறத்தாழ நான்கில் ஒரு குஞ்சில் குறை வெளிப்படும். வெளிப்படாதவற்றிலும் பல அதனை உள்ளே தாங்கி நிற்கும். ஆகவே அடைவைக்கும் முட்டை எந்தப் பெட்டையுடையது, எந்தச் சேவலின் வழியது என்பதை முட்டையின்மேல் பென்சிலால் குறித்து, புத்தகத்திலும் பதிந்துவருக. ஒரே ஜோடியின் குஞ்சுகளில் குறுக்கலகு இரண்டாம் முறையும் தோன்றினால், அந்த ஜோடியைப் பிரித்து இனவிருத்தியிலிருந்து விலக்குக. பல பெட்டைகளின் குஞ்சுகளில் தோன்றினால் சேவலை மாற்றுக. அதனுடன் தாய்க் கோழிகளின் தீனியையும் சீர்படுத்தி, முட்டைகளை ஈர மணல்மீது வைத்த மண்பானையில் குளிர்ச்சியாகச் சேமித்து, ஒரு வாரத்திற்குள்ளும், கோடையில் மூன்று நான்கு நாட்களுக்குள்ளும் அடைவைத்தால், மற்றக் காரணங்களும் நீங்கும்.

தன் வீட்டில் கோணல் அலகுக் குஞ்சு தோன்றியதை வெளியிட அங்கத்தினர் எவரும் வெட்கப்பட வேண்டியதில்லை. அதனை மறைத்து அடைமுட்டை விற்பதே வெட்கத்திற்குரியது. குறையுள்ள குஞ்சுக்கு ஆழமான பாத்திரமும், சங்கப் புத்தகத்தில் ஒரு வரியும் கொடுத்தால், அக்குஞ்சும் பிழைக்கும்; ஊரின் கோழிக் குலமும் பழுதின்றி விளங்கும்.