'தி ட்ரெயின்': அந்த ரயில்ல இருந்தது யாரோட ஓவியங்கள்?

இந்த எபிசோட்ல பேசப்போறது 1964-ல வந்த 'தி ட்ரெயின்' படம். இயக்கம் ஜான் ஃபிராங்கன்ஹைமர், ஹீரோ பர்ட் லங்காஸ்டர். கிளைமாக்ஸையும் சொல்லப்போறேன், அதனால படம் பார்க்காதவங்க பார்த்துட்டு வாங்க.

1944 ஆகஸ்ட், பாரிஸ். நேச நாட்டுப் படைகள் நெருங்கிட்டிருக்கு. கொள்ளையடிச்ச ஓவியங்களை ஒரு ஜெர்மன் கர்னல் ரயில்ல ஏத்தி ஜெர்மனிக்குக் கொண்டுபோகப் பார்க்கிறார். ரயில்வேயில வேலை பார்க்கிற லாபிஷ் அதைத் தடுக்கணும், ஆனா ஓவியங்களுக்குச் சேதம் வரக்கூடாது. கிராஃபிக்ஸ் இல்லாத காலம், அதனால நிஜ இன்ஜின்களையே மோதவிட்டு எடுத்திருக்காங்க.

கடைசியில ரயில் நிக்குது. ஒரு பக்கம் ஓவியர்கள் பேர் எழுதின பெட்டிகள், இன்னொரு பக்கம் சுட்டுக் கொல்லப்பட்ட பிணைக்கைதிகள். கேமரா ரெண்டையும் மாத்தி மாத்திக் காட்டுது. லாபிஷ் எதையும் தொடாம நொண்டிக்கிட்டே நடந்து போயிடுறார். ஓவியம் பெருசா, உயிர் பெருசா? பதிலை நம்மகிட்ட விட்டுடுறாங்க.

இப்போ நிஜத்துக்கு வருவோம். பாரிஸ்ல 'ஜூ த போம்'னு ஒரு மியூசியம். நாஜிகள் கொள்ளையடிச்ச கலைப்பொருட்களைச் சேர்த்து வைக்கிற கிடங்கா அதை மாத்தியிருந்தாங்க. அங்க வேலை பார்த்தவர் ரோஸ் வாலான். அவருக்கு ஜெர்மன் புரியும், ஆனா அது நாஜிகளுக்குத் தெரியாது. எந்தப் பொருள் யார்கிட்ட இருந்து வந்தது, எங்க போகுதுன்னு நாலு வருஷம் ரகசியமா குறிச்சு வெச்சார். மாட்டியிருந்தா உயிர் போயிருக்கும்.

1944 ஆகஸ்ட்ல 148 பெட்டிகள் 5 வேகன்ல ஏறினதும், அந்தத் தகவல் அவர் மூலமா எதிர்ப்பு இயக்கத்துக்குப் போச்சு. அப்புறம் படத்துல வர்ற மாதிரி பெரிய மோதல் எதுவும் நடக்கல. சரக்கு ஏத்துறதுல தாமதம், இன்ஜின் கோளாறு, ரயில்வே ஊழியர்கள் போட்ட முட்டுக்கட்டைன்னு ரயில் பாரிஸ் பக்கத்தைத் தாண்டவே இல்ல. ஆகஸ்ட் 27-ல சுதந்திர பிரெஞ்சுப் படை அதைப் பிடிச்சது.

அந்தப் படைப்பிரிவோட அதிகாரி அலெக்சாந்தர் ரோசன்பெர்க். அவரோட அப்பா பால் ரோசன்பெர்க், பிக்காசோவோட ஓவியங்களை விற்ற பெரிய வியாபாரி. யூதர்ங்கறதால 1940-ல நியூயார்க்குக்குத் தப்பிப் போனவர். பெட்டிகளைத் திறந்தா, மகன் கண்ணுல பட்டது சின்ன வயசுல இருந்து வீட்டுச் சுவர்ல பார்த்த ஓவியங்கள்!

எனக்கு இங்கதான் படத்து மேல ஒரு கேள்வி வருது. படம் இந்த ஓவியங்களை 'பிரான்சின் பெருமை'ன்னுதான் பேசுது. ஆனா நிஜ ரயில்ல இருந்ததுல நிறைய, யூதக் குடும்பங்கள்கிட்ட இருந்து பிடுங்கினது. மத்த வேகன்கள்ல இருந்தது அவங்க வீட்டு மேஜை, நாற்காலி, சாமான்கள். முதல்ல வீடு போச்சு, பலருக்கு அப்புறம் உயிரே போச்சு. அப்படிப் பார்த்தா ஓவியத்தையும் உயிரையும் தராசோட ரெண்டு தட்டுல வைக்கவே முடியாது. ரெண்டையும் ஒரே கைதான் பறிச்சது.

போர் முடிஞ்சதும், அந்தக் குறிப்புகள் வழியா ஆயிரக்கணக்கான பொருட்களைத் தேடிக் கண்டுபிடிச்சாங்க. ஒரு ஓவியத்தை மீட்டா மட்டும் போதாது, அது யாரோடதுன்னும் தெரியணும். நம்ம ஃபீல்டுல லாக் எழுதுறதை யாரும் ஹீரோ வேலையா நினைக்கிறதில்ல. ரோஸ் வாலான் உயிரைப் பணயம் வெச்சு செஞ்சது அந்த வேலையைத்தான்.

படத்தைப் பார்த்துட்டு, உங்களுக்கு என்ன தோணுதுன்னு சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.