விண்டோஸ் மீட்புச் சூழல்

விண்டோஸ் மீட்புச் சூழல் என்பது, விண்டோஸ் தொடங்க இயலாதபோது பழுது நீக்குவதற்காகத் தோன்றும் சிறு இயங்குதளம் ஆகும். தொடக்கம் அடுத்தடுத்து இரண்டு முறை தோல்வியுற்றால் கணினி தானாகவே இதற்குள் செல்லும். இத்திரை வந்தாலே கோப்புகள் அழிந்துவிட்டன என்று பொருளல்ல.

2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பிழையான புதுப்பிப்பால், மைக்ரோசாப்ட் மதிப்பீட்டின்படி, 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. சென்னை விமான நிலையத்திலும் சேவை பாதிக்கப்பட்டது. பிழையான கோப்பை மீட்புச் சூழல் வழியாக நீக்கியதும் கணினிகள் மீண்டும் இயங்கின.

தாமதம் ஏன்?

மீட்புச் சூழல் சில நூறு மெகாபைட் அளவுள்ள கோப்பாக வட்டில் இருக்கும். அது ராம் நினைவகத்தில் ஏறிய பின்னரே திரை தோன்றும். பழைய வன்தட்டில் இதற்குச் சில நிமிடங்கள் ஆகலாம். ஒவ்வொரு முறையும் தாமதம் கூடினாலோ, 'டக் டக்' ஒலி கேட்டாலோ வன்தட்டு பழுதாகி வருகிறது எனலாம்.

செய்ய வேண்டியவை

1. சார்ஜரை இணைத்து, பென்டிரைவ் முதலியவற்றைக் கழற்றவும்.
2. பிட்லாக்கர் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டால், கைபேசியில் உங்கள் மைக்ரோசாப்ட் கணக்கைத் திறந்து பார்க்கவும். பெரும்பாலும் அங்கே சேமிக்கப்பட்டிருக்கும்.
3. வன்தட்டின் மீது ஐயம் இருந்தால், லினக்ஸ் உள்ள பென்டிரைவ் மூலம் கணினியைத் தொடங்கி, முதலில் கோப்புகளை வேறிடத்தில் நகலெடுக்கவும்.
4. பிறகு தொடக்கப் பழுதுநீக்கத்தை இயக்கவும். பயனில்லையெனில் அண்மையில் நிறுவிய புதுப்பிப்பை நீக்கவும்.
5. 'ரீசெட்' கடைசி வழி. கோப்புகளை வைத்துக்கொள்ளும் தெரிவிலும் நீங்கள் நிறுவிய மென்பொருள்கள் நீங்கிவிடும். அனைத்தையும் நீக்கும் தெரிவில் கோப்புகளும் போய்விடும்.