ஒலிப்பதிவுக் கணினியில் பிளகின் பிணி

கும்மிடிப்பூண்டிச் சிப்காட் தொழிற்பேட்டையை அடுத்த சிற்றூர்களில் முழு நிசப்தம் கிடைத்தல் அரிது. தொழிற்சாலைகளின் ஓசை ஒரு புறம். கொல்கத்தா நெடுஞ்சாலையில் ஓடும் லாரிகளின் இரைச்சல் மற்றொரு புறம். இவை ஓய்ந்தாலும் மின்கம்பி வழியே எழும் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் ஓய்வதில்லை. 100, 150 என்னும் தன் மடங்குகளையும் உடனழைத்துக்கொண்டு அது மைக்கினுள் புகுந்துவிடும். அவ்வூர்களிலும் திருவள்ளூரைச் சார்ந்த சில ஊர்களிலும் முதியோர் பாடிவரும் வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகளை நம் மாணவர் சிலருடன் யாம் பதிவு செய்தபோது, அந்த ரீங்காரத்தை அகற்றித் தந்தது ஒரு சிறு பிளகினேயாகும். பின்னர் ஒருநாள் பதிவு மென்பொருளின் புதிய பதிப்பை நிறுவினோம். மறுநாள் பார்த்தால் பிளகினைக் காணோம். பாடல்கள் அனைத்திலும் இரைச்சல் மீண்டும் குடியேறியிருந்தது. பாடியவருள் ஒரு மூதாட்டியார் அதற்குள் காலமாகிவிட்டார். ஆதலின் எமக்குண்டான கலக்கம் சிறிதன்று.

பிளகின் என்பது யாதெனின், பதிவு மென்பொருளின் உறுப்பாயிராது, தனிக் கோப்பாக வெளியே இருந்து, அழைத்தபோது வந்து ஊழியம் செய்யும் சிறு நிரலாகும். கலியாண வீட்டிற்கு வரும் சமையற்காரரை அதற்கு ஒப்பிடலாம். அடுப்பும் பண்டமும் வீட்டாருடையவை, கைப்பக்குவம் அவருடையது. வீட்டார் அடுப்பை மாற்றிவிட்டால் பழகிய சமையற்காரர் திகைப்பார். ஆனால் அவர் வாராமையால் அரிசி பருப்பு எங்கும் போய்விடுவதில்லை. ஒலிப்பதிவிலும் அவ்வாறே. மைக்கு வழியே பதிந்த மூலக் குரல் தனிக் கோப்பாக வட்டில் அப்படியே இருக்கும். காணாமற்போனது அதைக் கேட்கும் வகையே. இதனை உணராது பதறி, பிளகினற்ற தடங்களைச் செப்பனிடத் தொடங்கி அதன்மேலேயே சேமித்து விடுவோர் பலர். பழைய அமைப்பு எண்கள் கெடுவது பெரும்பாலும் அதனாலேயே. முதலில் செய்யத்தக்கது, திறந்த கோப்பைச் சேமியாது மூடி, கோப்புறை முழுவதையும் நகலெடுத்தலாம்.

நிற்க, அடுப்பு ஏன் மாறுகிறது? பிளகின்கள் பேசும் மொழிகள் பல. ஸ்டைன்பெர்க் நிறுவனத்தார் வி.எஸ்.டி. என்னும் முறையை 1996-இல் வெளியிட்டனர். அதன் மூன்றாம் வடிவம் 2008-இல் வந்தது. இரண்டாம் வடிவில் பிளகின் இயற்றுதற்குரிய கருவித் தொகுதியை 2018-இல் நிறுத்திவிட்டனர். ஆப்பிள் நிறுவனத்தாரின் முறை ஆடியோ யூனிட். புரோ டூல்ஸ் ஏ.ஏ.எக்ஸ். ஒன்றையே ஏற்கும். இஃதன்றி 32 பிட், 64 பிட் என்னும் பேதமும் உண்டு: 2016-இல் வந்த கியூபேஸ் ஒன்பதாம் பதிப்பும், 2019-இல் வந்த மேக் காட்டலினாவும் 32 பிட் பிளகின்களை வெளியே நிறுத்திவிட்டன. 2020 நவம்பரில் ஆப்பிள் தன் சொந்தச் சில்லுடன் கணினிகளை வெளியிட்டது. இன்டெல் சில்லுக்கென எழுதிய பிளகின்களுக்கு அங்கே ரொசெட்டா என்னும் துபாஷி தேவையாயிற்று.

பிணியின் காரணம் இவற்றுள் எது என்று அறிவதற்கு முன், கோப்பு உரிய இடத்தில் உள்ளதா என்று பார்த்தல் வேண்டும். விண்டோஸில் வி.எஸ்.டி. மூன்றாம் வடிவத்திற்குரிய இடம், புரோகிராம் ஃபைல்ஸ், காமன் ஃபைல்ஸ், வி.எஸ்.டி.3 என்னும் கோப்புறை வரிசை. மேக்கில் லைப்ரரி, ஆடியோ, பிளக்-இன்ஸ். கோப்பு அங்கிருந்தும் மென்பொருள் காணாவிடில், மறுபரிசோதனை செய்விக்க வேண்டும். மென்பொருள் தான் முன்பு கண்ட பிளகின்களின் பட்டியலை நினைவில் வைத்திருக்கும். ஒருமுறை இடறியதை விலக்குப் பட்டியலிற் சேர்த்துப் பின் திரும்பியும் பாராது. ரீப்பரில் அந்நினைவை அழித்து மறுபரிசோதனை செய்யும் பொத்தான் உண்டு. கியூபேஸிலும் லாஜிக்கிலும் பிளகின் மேலாளர் என்னும் சாளரத்தில் இதனைச் செய்யலாம். உரிமம் காலாவதியாயிருப்பின் அதைப் பெரும்பாலும் பிளகினே சொல்லிவிடும். அதைப் பற்றி இங்கு விரிக்கவேண்டுவதில்லை.

பழைய வடிவத்தை விடுத்துப் புதிய வடிவத்தை நிறுவுவோர் ஒன்றைக் கவனிக்க: பெயர் ஒன்றேயாயினும் பழைய அமைப்புகள் தாமாகவே புதியதற்கு வந்து சேரும் என்னும் உறுதியில்லை. எண்களை நோட்டுப் புத்தகத்திற் குறித்து வைப்பது நகைப்புக்குரிய பழக்கமன்று.

எமது பிளகினோ உரிய இடத்திலேயே இருந்தது, மறுபரிசோதனைக்கும் இசையவில்லை. அது இன்டெல் சில்லுக்கென எழுதப்பட்டது. முன்னைய பதிப்பு ரொசெட்டா வழியே இயங்கியதால் இருவரும் ஒரே மொழி பேசினர். புதிய பதிப்போ ஆப்பிள் சில்லிலேயே நேராக இயங்கலாயிற்று. ஃபைண்டரில் அம்மென்பொருளின் விவரச் சாளரத்தைத் திறந்து, ரொசெட்டாவைக்கொண்டு திறக்க என்னும் கட்டத்தைக் குறித்தோம். ரீங்காரம் அடங்கிற்று, மூதாட்டியாரின் குரல் தெளிந்தது.

ஆயினும் துபாஷியை நெடுநாள் நம்பியிருத்தல் இயலாது. ரொசெட்டா முழு அளவில் மேக் 27-ஆம் பதிப்பு வரையே கிடைக்கும் என ஆப்பிள் 2025-இல் அறிவித்துள்ளது. ஆகவே அன்றே ஒவ்வொரு பாடலையும், பிளகின் செய்த மாற்றத்தோடு, தனி வேவ் கோப்பாக எழுதி எடுத்தோம். அவை திறக்க எப்பிளகினும் வேண்டா. இரைச்சலோடு கூடிய மூலக் கோப்புகளையும் அழிக்கவில்லை. நாளை இதனினும் நல்ல கருவி வரின் அதற்கு மூலமே வேண்டும். இரண்டும் இப்பொழுது இரு வேறு வன்தட்டுகளில் உள்ளன.