காடு புகுந்த கரடி

பாண்டா என்னும் பிராணியை நேரில் பார்க்கும் பாக்கியம் நம்மில் பெரும்பாலோருக்குக் கிட்டியிராது. எனினும் படத்திலாவது அதைக் காணாதவர் இரார். உருண்டு திரண்ட வெள்ளை உடல், கறுத்த காதுகள், கறுத்த கால்கள், மை தீட்டும்போது யாரோ கை தவறி இழுகிவிட்டாற்போல் கண்களைச் சுற்றிக் கருந்திட்டுக்கள். குழந்தைகளின் பொம்மை ஒன்றுக்கு உயிர் வந்து, அது சாவதானமாக உட்கார்ந்து மூங்கில் தின்கிறதோ என்று நினைக்கத் தோன்றும். உலகத்து மிருகக் காட்சிசாலைகளில் இதைப் போல் ஜனங்களின் மனத்தைக் கவர்ந்த பிராணிகள் மிகச் சிலவே.

இவ்வளவு சீராட்டிப் பாராட்டி வளர்க்கப்படும் பிராணியை ஒரு நாள் காட்டிலே கொண்டுபோய் விட்டுவிட்டால் என்ன ஆகும்? அது பிழைக்குமா? இக்கேள்விக்கு விடை காண்பதற்காகச் சீன தேசத்து விஞ்ஞானிகள் ஒரு பெரிய பரீட்சை நடத்தினார்கள். அந்தப் பரீட்சைக்கு முதன் முதலில் அனுப்பப்பட்டவன் ஸியாங் ஸியாங் என்னும் ஆண் பாண்டா. அவனுடைய கதையையே இங்கே நேயர்களுக்குச் சொல்லப் போகிறோம்.

விசித்திரப் பிராணி

பாண்டா கரடிக் குலத்தைச் சேர்ந்தது. அதன் முன்னோர்கள் மாமிசம் தின்றவர்கள். குடலின் அமைப்பு இன்றைக்கும் மாமிச பட்சிணியின் குடலைப் போலத்தான் இருக்கிறது. ஆனால் அது உண்பதோ ஏறக்குறைய முழுவதும் மூங்கில்! உண்டதில் சிறு பகுதியே செரிப்பதால், பன்னிரண்டு கிலோவுக்குக் குறையாமல் நாள்தோறும் தின்றாக வேண்டும். பகலிலும் இரவிலுமாகப் பாதிப் பொழுது அதற்குச் சாப்பாட்டிலேயே கழிகிறது. மூங்கிலைப் பற்றிக் கொள்வதற்காக மணிக்கட்டு எலும்பு ஒன்று நீண்டு ஆறாவது விரல்போல் உதவுவது இயற்கையின் விந்தைகளில் ஒன்று.

ஸெச்சுவான், ஷென்ஸி, கான்ஸு என்னும் மூன்று சீன மாகாணங்களின் மலைக் காடுகளே இதன் தாயகம். அர்மான் தாவீத் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1869ஆம் வருஷத்தில் இதைப் பற்றி எழுதிய பிறகே மேல்நாட்டார் இதை அறிந்தனர். பிறகு காடுகள் அழிந்தன, பாண்டாக்களும் குறைந்தன. 1963ஆம் வருஷத்தில் ஸெச்சுவானிலுள்ள வோலாங் என்ற மலைப் பிரதேசத்தைச் சீன சர்க்கார் காப்புக்காடாக ஆக்கினார்கள். பாண்டாக்களை இனவிருத்தி செய்வதற்கு அங்கே ஒரு நிலையமும் பின்னர் ஏற்பட்டது.

இனவிருத்தி என்று சொல்வது சுலபம். பெண் பாண்டா கருத்தரிப்பதற்கு ஏற்ற காலம் வருஷத்தில் இரண்டு மூன்று நாட்களே. அதில் தவறினால் அடுத்த வருஷம் வரையில் காத்திருக்க வேண்டியதுதான். பிறக்கும் குட்டியோ சுமார் நூறு கிராம் எடையுள்ளது. நூறு கிலோ எடையுள்ள தாயின் பக்கத்தில் அது சிவந்த சுண்டெலிபோல் கிடக்கும். பல வாரங்கள் கண் திறவாது. இரட்டைப் பிள்ளை பிறந்தால், காட்டில் தாயானவள் பெரும்பாலும் ஒன்றை மட்டும் வளர்த்து மற்றதைக் கைவிட்டு விடுவாள். நிலையத்தார் இதற்கு ஓர் உபாயம் கண்டுபிடித்தார்கள். ஒரு குட்டி தாயிடம் பால் குடிக்கும்போது மற்றொன்றை வெப்பப் பெட்டியில் வைத்துக் காப்பார்கள். சிறிது நேரம் கழித்துத் தாய் அறியாமல் இரண்டையும் மாற்றிவிடுவார்கள். இரண்டும் பிழைத்துவிடும்!

பாடசாலையில் ஸியாங் ஸியாங்

ஸியாங் ஸியாங் 2001ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் வோலாங் நிலையத்தில் பிறந்தான். அவனும் இரட்டையரில் ஒருவனே. அவன் பெயருக்கு 'மங்களம்' என்பது பொருள். வேளைக்கு உணவு, நோய்க்கு மருந்து, நாள் முழுவதும் கண்காணிக்க ஆட்கள் என்று அவனுக்கு ஒரு குறையும் இல்லை. பகை இன்னதென்றே அவன் அறிந்ததில்லை.

2003ஆம் வருஷத்தில் அவனைக் காட்டு வாழ்க்கைக்குப் பழக்கத் தொடங்கினார்கள். முதலில் மலைச்சரிவில் வேலியிட்ட ஒரு சிறு காட்டில் விட்டார்கள். பிறகு அதைவிடப் பல மடங்கு பெரிய காட்டிற்கு மாற்றினார்கள். கொடுத்து வந்த உணவைப் படிப்படியாகக் குறைத்தார்கள். மூங்கிலைத் தானே தேடி உண்ணவும், தங்குமிடம் அமைத்துக் கொள்ளவும், தன் எல்லையை மோப்பக் குறியிட்டு வரையறுக்கவும் அவன் கற்றுக்கொண்டான். ஏறத்தாழ மூன்று வருஷங்கள் இந்தப் படிப்பு நடந்தது.

2006ஆம் வருஷம் ஏப்ரல் 28ஆம் தேதி கூண்டின் கதவைத் திறந்தார்கள். மனிதர் வளர்த்த பாண்டா ஒன்று காட்டுக்குள் விடப்பட்டது அதுவே முதல் தடவை. செயற்கைக் கோள்களின் உதவியால் இருப்பிடத்தை அறிவிக்கும் கருவியொன்றைக் கழுத்தில் தாங்கிக்கொண்டு, ஸியாங் ஸியாங் மூங்கிற் புதர்களுக்குள் புகுந்து மறைந்தான்.

காட்டின் சட்டம்

மாதங்கள் சென்றன. ஸியாங் ஸியாங் பட்டினி கிடக்கவில்லை. மூங்கில் தேடும் வித்தையில் அவன் தேறிவிட்டான். பரீட்சை வெற்றி என்றே யாவரும் நம்பத் தொடங்கினார்கள்.

டிசம்பர் மாதத்தில் அவன் உடலெல்லாம் கடிகாயங்களுடன் காணப்பட்டான். கடித்தவை புலியோ சிறுத்தையோ அல்ல. காட்டிலே பிறந்து வளர்ந்த பாண்டாக்களே! வோலாங் மலையில் முன்பே பாண்டாக்கள் வாழ்ந்து வந்தன. ஒவ்வொன்றுக்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்கும் பெண்துணைக்கும் ஆண்கள் ஒன்றோடொன்று போராடும். முன்பின் தெரியாத வாலிபன் ஒருவன் நடுவிலே வந்து நின்றால் சும்மா விடுமா?

நிலையத்தார் காயங்களுக்கு மருந்திட்டு, தேறிய பின் மறுபடியும் அவனைக் காட்டில் விட்டார்கள். 2007ஆம் வருஷம் பிப்ரவரி 19ஆம் தேதி பனி மூடிய தரையில் ஸியாங் ஸியாங்கின் உயிரற்ற உடல் கண்டெடுக்கப்பட்டது. மற்றப் பாண்டாக்களோடு நேர்ந்த சண்டையில் துரத்தப்பட்டு, உயரமான இடத்திலிருந்து விழுந்து மாண்டிருக்க வேண்டும் என்று விஞ்ஞானிகள் முடிவு செய்தார்கள். அவன் சுதந்தரமாக வாழ்ந்த காலம் பத்து மாதம்கூட நிரம்பவில்லை. அப்போது அவனுக்கு வயது ஐந்து.

தாயே ஆசான்

அவனைக் கூண்டிலேயே வைத்திருந்தால் இன்னும் இருபது வருஷம் உயிரோடு இருந்திருப்பானே என்று சொல்லத் தோன்றுகிறது. அப்படிச் சொன்னவர்களும் உண்டு. ஆனால், இதில் வேறொரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். 2015ஆம் வருஷத்தில் வெளியான கணக்கின்படி காட்டிலுள்ள பாண்டாக்கள் 1,864. அவை ஒரே கூட்டமாக இல்லை. சாலைகளும் வயல்களும் ஊர்களும் குறுக்கிட்டபடியால் முப்பத்து மூன்று கூட்டங்களாகச் சிதறியிருக்கின்றன. அவற்றுள் சில மிகவும் சிறியவை. வெளியிலிருந்து புது இரத்தம் சேராவிட்டால் அத்தகைய கூட்டங்கள் நாளடைவில் அற்றுப்போகும். கூண்டில் எத்தனை நூறு பாண்டாக்கள் பெருகினாலும், அவற்றுக்குக் காட்டில் வாழத் தெரியாவிட்டால் அக்கூட்டங்களுக்கு அதனால் பயன் இல்லை.

ஆகவே விஞ்ஞானிகள் தங்கள் முறையையே திருப்பி அமைத்தார்கள். 2008ஆம் வருஷத்துப் பூகம்பத்தில் வோலாங் நிலையம் பெருஞ்சேதம் அடைந்தும் அவர்கள் மனம் தளரவில்லை. 2010இல் கர்ப்பமுற்ற பாண்டாக்களையே வேலியிட்ட காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அவற்றுள் த்ஸாவ் த்ஸாவ் என்னும் பெண் பாண்டா தானே காட்டில் பிறந்தது. அது ஆகஸ்டு மாதத்தில் தாவ் தாவ் என்ற ஆண் குட்டியை ஈன்றது. இந்தக் குட்டிக்கு உபாத்தியாயர் மனிதர் அல்ல, தாய்தான். எதைத் தின்பது, எந்த மரத்தில் ஏறுவது, எந்தச் சத்தத்துக்கு ஓடி ஒளிவது என்பதையெல்லாம் தாயின் பின்னால் திரிந்தே அது கற்றது.

மனிதர்கள் அருகே போகவேண்டி வந்தால் என்ன செய்வது? பாண்டாவைப் போல் கறுப்பும் வெள்ளையுமாக வேஷம் தரித்து, பாண்டாவின் மூத்திரத்தை உடையில் பூசிக்கொண்டு போனார்கள்! கேட்பதற்கு நகைப்பாக இருக்கலாம். ஆனால் அதன் நோக்கம் ஆழ்ந்தது. மனிதனைக் கண்டால் உணவு கிடைக்கும் என்ற எண்ணம் அந்தக் குட்டியின் மனத்தில் தோன்றவே கூடாது என்பதுதான் அது. பாடம் செய்த சிறுத்தை ஒன்றைக் காட்டி, அதன் உறுமலையும் ஒலிக்கச் செய்து, அச்சத்தையும் ஒரு பாடமாகவே போதித்தார்கள்.

2012ஆம் வருஷம் அக்டோபரில் தாவ் தாவ், லிஸிபிங் என்ற வேறொரு காப்புக்காட்டில் விடப்பட்டது. அங்கே பாண்டாக்கள் குறைவு. எல்லைச் சண்டையும் குறைவு. ஐந்து வருஷங்களுக்குப் பிறகு, 2017இல், அதைப் பிடித்துச் சோதித்தபோது நல்ல திடகாத்திரத்துடன் இருந்தது! அதன் பின்னர் காட்டுக்கு அனுப்பப்பட்டவற்றுள் சில மாண்டன, பல பிழைத்தன.

ஸியாங் ஸியாங்குக்கு நிலையத்தார் அன்பிலே குறை வைக்கவில்லை. உணவிலும் குறை வைக்கவில்லை. அவனுக்குக் கிடைக்காதது தன் இனத்தாரோடு பழகிய பழக்கம். அதை மனிதர் எவரும் கற்றுக்கொடுக்க முடியாது. அடைபட்டு வளர்ந்த ஜீவனுக்குக் கதவைத் திறந்துவிட்டால் மட்டும் போதாது என்பதை உலகம் அவனிடத்திலிருந்து தெரிந்துகொண்டது. அவனுக்குப் பின்னால் காடு புகுந்து, இன்று மூங்கில் நிழலில் சுயேச்சையாகத் திரியும் பாண்டாக்கள் ஒவ்வொன்றும் அவன் கொடுத்த விலையினால் பிழைத்தவையே.