நாய்களின் மூட்டுப் பிரச்சனை: 'பிரேஸ்' எப்போது கைகொடுக்கும்? எப்போது பயன் தராது?

நொண்டும் நாய்க்கு ஆர்த்தோடிக் பிரேஸ் வாங்கும் முன் உரிமையாளர்கள் அறிந்திருக்க வேண்டியவை குறித்து இந்தச் செய்தித் தொகுப்பில் காணலாம்.

ஆனேக்கல் (பெங்களூரு): ஆனேக்கல் வட்டத்தில் உள்ள பன்னேருகட்டா உயிரியல் பூங்காவின் கரடிகள் மீட்பு மையத்தில் வசித்து வரும் 'வசீகரன்' என்ற தேன் கரடிக்கு, 2025ஆம் ஆண்டு செயற்கைக் கால் பொருத்தப்பட்டது. வேட்டைக்காரர்கள் வைத்த கண்ணியில் சிக்கி பின்னங்காலை இழந்த இந்தக் கரடி, 2019ஆம் ஆண்டு மீட்கப்பட்டது. மூன்று கால்களில் நடக்கப் பழகியிருந்த அதற்கு, அமெரிக்காவைச் சேர்ந்த விலங்கு செயற்கை உறுப்பு நிபுணர் டெரிக் கம்பானா செயற்கைக் காலை வடிவமைத்தார்.

மனிதர்களுக்கான செயற்கை உறுப்புத் துறையில் பணியைத் தொடங்கிய கம்பானா, 'சார்லஸ்' என்ற லாப்ரடார் நாய்க்காக உறுப்பு ஒன்றைச் செய்து கொடுத்த பின்னரே விலங்குகளின் பக்கம் திரும்பினார். கரடிக்கும் யானைக்கும் சென்ற இந்தத் தொழில்நுட்பம், இன்று அதிகமாகத் தேவைப்படுவது வீட்டு நாய்களுக்குத்தான். ஆனால் பிரேஸ் எல்லா மூட்டுகளுக்கும் ஒரே அளவில் உதவுவதில்லை.

செயற்கைக் கால் வேறு, பிரேஸ் வேறு

இல்லாத உறுப்புக்கு மாற்றாகப் பொருத்தப்படுவது செயற்கைக் கால். உறுப்பு இருந்தும் அதன் மூட்டு உறுதியை இழந்திருந்தால், வெளியிலிருந்து தாங்கிப் பிடிப்பது ஆர்த்தோடிக் பிரேஸ். தேவையற்ற அசைவைத் தடுத்து, தேவையான அசைவை மட்டும் அனுமதிப்பதே இதன் பணி.

இந்தியாவில் மனிதர்களுக்கான 'ஜெய்ப்பூர் கால்' 1968ஆம் ஆண்டு உருவானது. அதே ஜெய்ப்பூரில் கால்நடை மருத்துவர் தபேஷ் மாத்தூர், காலை இழந்த கன்று ஒன்றுக்காக உருவாக்கிய செயற்கைக் கால், அந்தக் கன்றின் பெயராலேயே 'கிருஷ்ணா கால்' என அழைக்கப்படுகிறது.

எந்த மூட்டுக்கு எவ்வளவு பயன்?

நிற்கும் நாயின் உடல் எடையில் ஏறத்தாழ 60 சதவீதத்தை முன்னங்கால்களே சுமக்கின்றன. உயரத்திலிருந்து குதிக்கும்போது முன்னங்கால் மணிக்கட்டின் தசைநார்கள் அறுந்தால், பாதம் தட்டையாகத் தரையில் படியும். இந்த மணிக்கட்டுக்கும், பின்னங்காலின் கணுக்கால் மூட்டுக்கும் பிரேஸ் நன்றாகப் பொருந்தும். இங்கு தசை குறைவு என்பதால் பட்டை நழுவாமல் நிற்கும்.

முழங்காலில் நிலைமை சற்றுக் கடினம். நாய்கள் பின்னங்காலில் நொண்டுவதற்கு மிக முக்கியக் காரணங்களில் ஒன்று முன் சிலுவைத் தசைநார் கிழிவதாகும். நாயின் முழங்கால் எப்போதும் மடங்கிய நிலையிலேயே இருக்கும். கீழ்க்கால் எலும்பின் மேற்பகுதியும் சரிவாக அமைந்துள்ளது. எனவே தசைநார் கிழிந்துவிட்டால், ஒவ்வொரு அடியிலும் அந்த எலும்பு முன்னோக்கி வழுக்குகிறது. இந்தச் சரிவை வெட்டிச் சமன்படுத்தும் 'டிபிஎல்ஓ' அறுவை சிகிச்சையை, அமெரிக்க மருத்துவர் பார்க்லே ஸ்லோகம் 1993ஆம் ஆண்டு வெளியிட்டார். பெரிய நாய்களுக்கு இன்றும் இதுவே முதன்மைச் சிகிச்சைகளில் ஒன்றாக உள்ளது.

பிரேஸ் கிழிந்த தசைநாரை ஒட்ட வைப்பதில்லை. மூட்டைச் சுற்றித் தழும்புத் திசு வளர்ந்து இறுகும் வரை, வழுக்கலைக் குறைக்க முயல்கிறது. நாயின் தொடை மேலே அகன்று கீழே குறுகியிருப்பதாலும், தோல் தளர்வாக இருப்பதாலும் பட்டை கீழே இறங்கிவிடுவது பொதுவான சிக்கல். மூட்டுக்குள் உள்ள குருத்தெலும்பு வட்டும் கிழிந்திருந்தால் பிரேஸ் மட்டும் போதாது.

இடுப்பு மூட்டுக் கோளாறுக்கு பிரேஸின் பயன் இன்னும் குறைவு. லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், கோல்டன் ரெட்ரீவர் போன்ற இனங்களில் இது அதிகம் காணப்படுகிறது. இந்த மூட்டு தடித்த தசைகளுக்கு அடியில் ஆழமாக இருப்பதால், வெளியிலிருந்து எந்தப் பட்டையாலும் அதை இறுகப் பிடிக்க இயலாது. இடுப்புக்கான மேலங்கிகள் கதகதப்பும் ஓரளவு ஆதரவும் தரலாம், மூட்டைத் திருத்துவதில்லை.

ஆய்வு கூறுவது என்ன?

முழங்கால் பிரேஸையும் டிபிஎல்ஓ அறுவை சிகிச்சையையும் ஒப்பிட்டு, நாய் உரிமையாளர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2016ஆம் ஆண்டு அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியானது. இரு தரப்பிலும் பெரும்பாலானோர் தாங்கள் தேர்ந்தெடுத்த சிகிச்சையில் நிறைவு தெரிவித்தனர். அதேநேரத்தில், பிரேஸ் அணிந்த நாய்களில் கணிசமானவற்றுக்குத் தோல் புண் ஏற்பட்டதும், சிலவற்றுக்குப் பின்னர் அறுவை சிகிச்சை தேவைப்பட்டதும் பதிவாகியுள்ளது.

ஆகவே, வயது முதிர்வு, இதய நோய், சிறுநீரகப் பாதிப்பு போன்ற காரணங்களால் மயக்க மருந்து தர இயலாத நாய்களுக்கும், அறுவை சிகிச்சைச் செலவைத் தாங்க இயலாத குடும்பங்களுக்கும் பிரேஸ் ஒரு நியாயமான வழி. அறுவை சிகிச்சை செய்யத்தக்க இளம் வயதுப் பெரிய நாய்க்கு, அதைத் தவிர்ப்பதற்கான குறுக்கு வழியாக பிரேஸைக் கருதுவது இழப்பில் முடியலாம்.

முதலில் நோயறிதல்

நொண்டும் நாய்கள் அனைத்துக்கும் மூட்டுத் தேய்மானம் இருப்பதில்லை. தென்னிந்தியாவில் பரவலாக உள்ள உண்ணிக் காய்ச்சலும் மூட்டு வீக்கத்தையும் நொண்டலையும் ஏற்படுத்தும். இதற்கு இரத்தப் பரிசோதனையும் மருந்தும் தேவையே தவிர, பட்டை அல்ல. பெரிய இன நாய்களில் எலும்புப் புற்றுநோயும் நொண்டலாகவே தொடங்கலாம். கைப்பரிசோதனை, எக்ஸ்ரே ஆகியவற்றுக்குப் பின்னரே பிரேஸ் குறித்து முடிவெடுக்க வேண்டும். கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் மருத்துவமனைகளில் இதற்கான வசதி உண்டு. பெங்களூருவில் ஹெப்பாலிலும், சென்னையில் வேப்பேரியிலும் இத்தகைய கல்லூரிகள் இயங்கி வருகின்றன.

அளவெடுப்பும் பழக்கமும்

அளவெடுத்துச் செய்யும் பிரேஸுக்கு முதலில் நாயின் காலில் கட்டுத்துணி சுற்றி அச்சு எடுக்கப்படும். அந்த அச்சின் மீது வெப்பத்தில் வளையும் பிளாஸ்டிக் தகடு வார்க்கப்பட்டு, உள்ளே மென்பஞ்சும் வெளியே வெல்க்ரோ பட்டைகளும் சேர்க்கப்படும். தேவைப்பட்டால் கீல் பொருத்தப்படும். சிறிய, நடுத்தர, பெரிய என்ற அளவுகளில் ஆயத்தமாக விற்கப்படும் துணிப் பட்டைகள், லேசான சுளுக்குக்கு உதவலாம். தசைநார் கிழிந்த மூட்டைத் தாங்கும் வலிமை பெரும்பாலும் அவற்றுக்கு இல்லை.

முதல் நாளில் குறைந்த நேரம் அணிவித்து, படிப்படியாக நேரத்தைக் கூட்ட வேண்டும். கழற்றியதும் முடியை விலக்கித் தோலைப் பார்க்க வேண்டும். சிவப்பு நிறம் சிறிது நேரத்தில் மறையாவிட்டால் பட்டை அழுத்துகிறது என்று பொருள். இரவில் கழற்றிவிடுவது நல்லது. மழைக்காலத்தில் நனைந்த பட்டையை அப்படியே விட்டால் பூஞ்சைத் தொற்று ஏற்படக்கூடும். வளரும் குட்டிகளுக்கு மருத்துவர் ஆலோசனையின்றி அணிவிக்கவே கூடாது.

செலவில்லாத சிகிச்சை

எந்த பிரேஸையும் விட நாயின் எடையே மூட்டின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கிறது. 48 லாப்ரடார் நாய்களை வாழ்நாள் முழுவதும் பின்தொடர்ந்து 2002ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், 25 சதவீதம் குறைவாக உணவளிக்கப்பட்ட நாய்கள், மற்றவற்றை விட ஏறத்தாழ 1.8 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தன. மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது.

வழுக்கும் டைல்ஸ் தரையில் ரப்பர் விரிப்பு இடுவது, நகங்களை வெட்டிவிடுவது, மாடிப்படி ஏறுவதைக் கட்டுப்படுத்துவது, கயிற்றில் பிடித்து மெதுவாக நடத்திச் செல்வது ஆகியவையும் வலியைக் குறைக்கும். வீட்டில் இருக்கும் இப்யூபுரூஃபன், டைக்ளோஃபினாக், பாராசிட்டமால் போன்ற மனிதர்களுக்கான வலி மாத்திரைகளைத் தாமாகவே நாய்க்குக் கொடுப்பது உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

வலியில் இருக்கும் நாய் பெரும்பாலும் அழுவதில்லை. எழுந்திருக்கத் தயங்குவது, ஒரு காலை மட்டும் லேசாக ஊன்றுவது, விளையாட்டைக் கைவிடுவது ஆகியவையே அதன் முறையீடு. இந்த அறிகுறிகள் தென்பட்டால், பிரேஸ் வாங்குவதற்கு முன் கால்நடை மருத்துவரை அணுகுவதே சரியான முதல் படியாகும்.