சுவிட்சைத் தட்டியதும் வீடே வெடிப்பது ஏன்?

சமையல் கேஸ் கசிந்த வீட்டில் சுவிட்சைத் தட்டியதும் "டமார்" என்று வெடித்ததாக அடிக்கடி செய்தி வருகிறது. சுவிட்சுக்குள் எழும் பொறி கடுகளவுதான். அது எப்படி ஓர் அறையையே எரிக்கிறது?

விஷயம் பொறியில் இல்லை. அது தொடங்கி வைக்கும் சங்கிலியில் இருக்கிறது.

ஒன்று மூன்றாகும்

சமையல் கேஸ் என்பது கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்தது. பொறியின் சூட்டில் கொஞ்சம் கேஸ் உடைந்து ஹைட்ரஜன் அணுக்கள் தனியே கிளம்பும். ஜோடி இல்லாத அணு சும்மா இருக்குமா? காற்றிலுள்ள ஆக்சிஜனை மோதிப் பிளக்கும். பிளந்த துண்டுகளும் அடுத்ததைத் தாக்கும். ஒரு சுற்று முடிவதற்குள் 1 அணு இருந்த இடத்தில் 3 வரை வந்துவிடும். பிறகு 9, 27... வட்டி குட்டி போடுகிற கதைதான்!

இதற்கு "சங்கிலித் தொடர் வினை" என்று பெயர். இதை ஆராய்ந்த ரஷிய விஞ்ஞானி செமனோவ், இங்கிலாந்தின் ஹின்ஷெல்வுட் இருவருக்கும் 1956-ல் நோபல் பரிசு கிடைத்தது.

நடையைவிட மெதுவு!

எரிந்த இடத்தின் சூடும் இந்தத் துண்டுகளும் பக்கத்து வாயுவுக்குத் தாவும். அதுவும் பற்றும். அசையாத வாயுவில் தீ இப்படி நகரும் வேகம் நொடிக்குச் சுமார் 40 சென்டிமீட்டர்தான். ஆள் நடக்கிற வேகம்கூட இல்லை.

ஆனால், எரிந்த வாயு சூட்டில் 7, 8 மடங்கு உப்பி, தீயை முன்னே தள்ளும். மூடிய அறையில் போக இடம் ஏது? ஜன்னல் தெறிக்கும், சுவர் சாயும். காற்றில் 100-க்கு 2 பங்கு கேஸ் கலந்திருந்தாலே இதற்குப் போதும்.

சங்கிலியை அறுக்கலாம்

1815-ல் இங்கிலாந்து விஞ்ஞானி ஹம்ப்ரி டேவி, நிலக்கரிச் சுரங்க விளக்கைச் சுற்றிக் கம்பி வலை போட்டார். உள்ளே வாயு பற்றினாலும் வலை சூட்டை உறிஞ்சியது. தீ வெளியே தாவவில்லை. தீயணைக்கும் உலர் பவுடரும் அந்தத் துண்டுகளைப் பிடித்துக்கொண்டு சங்கிலியை அறுக்கிறது.

வீட்டில் ஒரே வழி, சங்கிலியைத் தொடங்கவே விடாததுதான். கேஸ் வாடை வந்தால் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். அணைக்கும்போதும் பொறி வரும். ரெகுலேட்டரை மூடி, கதவு, ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வாருங்கள். அங்கிருந்து 1906-க்கு போன் செய்யுங்கள்.