டிக்கியில் உருளும் சிலிண்டர்: உஷார்! ஸ்கூபா சாமான் ஏற்ற எந்த வண்டி நல்லது?

சென்னை:— கடலுக்கு அடியில் ஜாக்கிரதையாக மூழ்கி எழுபவர்கள், கரைக்கு வந்ததும் கோட்டை விடுகிறார்கள். மூச்சு கொடுத்த அதே சிலிண்டரைக் காரின் டிக்கியில் சும்மா உருட்டிப் போட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பினால், ஆபத்து முதுகுக்குப் பின்னாலேயே வருகிறது!

முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலில் மூழ்கும் 'ஸ்கூபா' விளையாட்டு நீலாங்கரையிலும் புதுச்சேரியிலும் நடக்கிறது. சென்னையில் இருந்து புதுச்சேரிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் சுமார் 150 கிலோ மீட்டர். சொந்தமாகச் சாமான் வாங்கியவர்களுக்கு அடுத்த கேள்வி, இதை எந்த வண்டியில் ஏற்றுவது என்பதுதான்.

காத்துதானே என்கிறீர்களா?

"உள்ளே இருக்கிறது வெறும் காத்துதானே, என்ன ஆயிடப் போவுது?" என்று கேட்பவர்கள் உண்டு. காற்றுதான். ஆனால் திணித்து அடைத்த காற்று. கார் டயருக்கு 32 பவுண்டு அடிக்கிறோம். ஸ்கூபா சிலிண்டரில் 3 ஆயிரம் பவுண்டு. அதாவது 90 மடங்குக்கு மேல்!

பரவலாகப் புழங்கும் அலுமினிய சிலிண்டர் காலியாக 14 கிலோ. காற்றும் வால்வும் சேர்ந்தால் சுமார் 17 கிலோ. இரண்டு பேர் ஆளுக்கு இரண்டு முறை மூழ்க 4 சிலிண்டர் வேண்டும். அதுவே 68 கிலோ. இடுப்பில் கட்டும் ஈயக்கட்டி, ரப்பர் உடை, மிதவை ஜாக்கெட், துடுப்பு எல்லாம் சேர்ந்தால் 100 கிலோவைத் தொடும். காரில் இன்னும் ஒன்றரை ஆள் ஏறின கணக்கு.

சடன் பிரேக் போட்டால்...

60 கிலோ மீட்டர் வேகத்தில் போகிற வண்டி எதன் மீதாவது மோதி நின்றால், வண்டி நிற்கும். கட்டாத சிலிண்டர் நிற்காது. அதே 60 வேகத்தில் முன்னால் பாயும். 14 மீட்டர் உயரத்தில் இருந்து, அதாவது நாலாவது மாடியில் இருந்து, 17 கிலோ இரும்பைத் தலையில் போட்டால் என்ன அடியோ அதே அடி. பின் சீட்டில் குழந்தை இருந்தால்? நினைக்கவே நெஞ்சு பதறுகிறது.

ஆகவே, வண்டி பார்க்கப் போகிறவர்கள் மைலேஜைக் கேட்பதற்கு முன், "சிலிண்டரைக் கட்டுவதற்குத் தரையில் வளையம் இருக்கா?" என்று கேட்க வேண்டும். இல்லை என்றால் ஒர்க்ஷாப்பில் கொடுத்துப் போட்டுக்கொள்ளலாம். கையில் ஒரு டேப்பும் இருக்கட்டும். சிலிண்டர் வால்வோடு முக்கால் மீட்டர் நீளம், 18 சென்டி மீட்டர் குறுக்களவு. டிக்கியில் குறுக்காகப் படுக்க வைத்து, பெல்ட் போட்டு இறுக்க இடம் வேண்டும். கட்டாமல் நிற்க வைக்கவே கூடாது. சாய்ந்து வால்வு உடைந்தால், சீறும் காற்றில் சிலிண்டரே ராக்கெட் ஆகிவிடும்.

எந்த வண்டிக்கு என்ன குணம்?

சின்னக் கார்: ஒருவர் சாமானுக்குப் போதும். நாலு பேரும் ஏறி, 4 சிலிண்டரும் ஏற்றினால் பின்பக்கம் அமுங்கும், பிரேக் பிடிக்கத் தாமதமாகும்.

டிக்கி தனியாக உள்ள கார்: சிலிண்டருக்கும் ஆளுக்கும் நடுவில் சீட்டு தடுப்பாக நிற்கிறது. அது நல்லது. ஆனால் ஈர உடையை உள்ளே பூட்டினால் நாற்றமும் துருவும் இலவசம்.

வேன்: தரை தாழ்வு, கதவு அகலம். 17 கிலோவை இடுப்பு உயரத்துக்குத் தூக்க வேண்டாம். இதற்குப் பேர்போன மாருதி ஆம்னி 2019-ல் நின்றுவிட்டது. பழைய வண்டி வாங்குவோர் அடித் தகட்டைக் குனிந்து பார்த்து வாங்கவும். இப்போது ஈகோ இருக்கிறது. எந்த வேன் ஆனாலும் சாமானுக்கும் சீட்டுக்கும் நடுவில் கம்பி வலை அவசியம்.

குட்டி யானை, பிக்கப்: ஆள் முன்னால், சாமான் பின்னால். திரும்பி வந்ததும் பைப்பைப் பிடித்துக் கழுவி விடலாம். நிறைய சிலிண்டர் ஏற்றுவோருக்கு இதுதான் சரி. ஆனால் மேலே தார்ப்பாய் வேண்டும். நண்பர்களைப் பின்னால் ஏற்றினால் போலீஸ் கேஸ்தான்.

ஜீப் மாதிரி உயரமான வண்டியில் கூரை கேரியரில் உடை, துடுப்பு வைக்கலாம். சிலிண்டரையும் ஈயத்தையும் வைத்தால் வளைவில் வண்டி ஆட்டம் கண்டுவிடும்.

உப்பும் வெயிலும்

போகும்போது உலர்ந்த சாமான். வரும்போது உப்புத் தண்ணீர். கார்ப்பெட்டுக்கு அடியில் இறங்கிய உப்பு, தகட்டையும் ஒயரையும் சத்தமில்லாமல் தின்னும். கரையிலேயே நல்ல தண்ணீரில் அலசி, மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பில் வைப்பது உத்தமம். டிக்கியில் ரப்பர் பாய் விரித்தால் இன்னும் நல்லது.

சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் சூடு 60 டிகிரியைத் தொட்டால், சிலிண்டர் அழுத்தமும் ஏறக்குறைய 10 சதவீதம் ஏறும். நல்ல சிலிண்டர் தாங்கும். துருப்பிடித்தது, அடிபட்டது, டெஸ்ட் தேதி முடிந்தது தாங்கும் என்று யாரும் ஜாமீன் போட முடியாது. டெஸ்ட் முத்திரை சிலிண்டரின் கழுத்துப் பக்கத்தில் இருக்கும். வழியில் போலீசார் நிறுத்தி "இது என்ன கேஸ்?" என்று கேட்டாலும், அதைத்தான் காட்ட வேண்டும்.

புது வண்டிக்கு லட்சக்கணக்கில் கொடுக்கத் தயாராக இருப்பவர்கள், இரண்டு இறுக்கு பெல்ட்டுக்குக் கணக்குப் பார்க்கக் கூடாது. வண்டி பெரிசா, சின்னதா என்பது அப்புறம். கட்டாத சிலிண்டருக்கு எந்த வண்டியும் நல்ல வண்டி இல்லை!